காயத்துக்குத் தனி டப்பா

தாம்பரத்துக்கு மேற்கே ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. வண்டிகளுக்கான இரும்புப் பட்டைகளை பிரஸ் மெஷினில் அடித்து வளைக்கிற இடம். யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அடிபட்டால் எத்தனை பேருக்கு என்று எண்ணி, மொத்த வேலை நேரத்தால் வகுத்து, மாதம் ஒரு தடவை தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதும் என் வேலைதான். இதில் இரண்டாவதைத்தான் நான் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு உண்டு. ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதி, கீழே எண் தகடு மாட்ட மூன்று கொக்கி. நூறு நாளைத் தொட்டால் எல்லோருக்கும் மட்டன் பிரியாணி, ஆளுக்கொரு குக்கர் என்று அறிவித்தது நான்தான். அறிவித்த மறுநாளே விபத்து நின்றுபோனது, ஃபேன் சுவிட்சை அணைத்த மாதிரி. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. காலையில் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடக்கும்போது, எதிரில் வருகிறவர்களை நிறுத்தி, “மூணு மாசமா ஜீரோ சார்” என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களும் பாவம், சர்க்கரை அளவைச் சொல்கிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

பிரஸ் மெஷின் ஓட்டும் அண்ணன் ஒருவர் மேல் எனக்குத் தனி மரியாதை. கடலோரக் குப்பத்தில் பிறந்து வலை இழுத்து வளர்ந்தவர். மற்றவர்கள் கிளவுஸைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு திரிய, அவர் மட்டும் அந்த வாரம் இடது கை கிளவுஸைக் கழற்றவே இல்லை. டீ குடிக்கும்போதும் கிளவுஸ், சாப்பிடும்போதும் கிளவுஸ். தொண்ணூற்று மூன்றாம் நாள் காலைக் கூட்டத்தில் அவரை முன்னால் அழைத்து, “கிளவுஸ்னா இப்படிப் போடணும்” என்று எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். அவரும் தட்டப் போனார். ஒரு தட்டு தட்டியதும் முகம் கோணிவிட்டது. கூச்ச சுபாவம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூற்று நாலாம் நாள் நான் விழுந்தேன்.

எண் தகட்டை மாற்ற ஏணி வேண்டும். ஏணி எடுக்க மூன்று கையெழுத்துள்ள அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் போட்டதும் நானே. ஒரு தகட்டுக்கு மூன்று பேரை யார் தேடுவது என்று, தினமும் சக்கரம் வைத்த என் ஆபீஸ் நாற்காலியை உருட்டி வந்து அதன் மேல் ஏறித்தான் மாற்றுவேன். அன்று நாற்காலி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். போர்டின் முனை முழங்கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் சொட்டுகிறது. வாட்ச்மேன் சட்டென்று ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, “நான் ஒண்ணியும் பாக்கல சார்” என்றார்.

முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுதினால் போர்டு சைபருக்குப் போகும். இத்தனை பேருடைய குக்கரை என் முழங்கையால் உடைக்க எனக்கு மனம் வரவில்லை. கர்சீஃபால் பொத்திக்கொண்டு பின்பக்கமாக கேன்டீனுக்குப் போனேன். ரத்தம் நிற்கக் கொஞ்சம் காபித்தூள் வாங்கி அப்பிக்கொள்ளலாம் என்று எண்ணம். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து அதுதான் வைத்தியம். செய்யக் கூடாது என்று வகுப்பெடுப்பவனும் நானேதான்.

கேன்டீன் அக்கா கர்சீஃபை விலக்கினார். கையைப் பார்த்தார், மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார்.

“இன்னா சார், உனுக்குமா?”

“கீழ டப்பா இருக்கே அக்கா, அதுலயே குடுங்க.”

“அது காபிக்கு சார். சிக்கரி கலந்தது. காயத்துக்கு சிக்கரி ஆவாது. இது சுத்தப் பவுடரு, காயத்துக்குன்னே தனியா வச்சிகினு கீறேன்.”

மூன்று மாதமாக காபி ஏன் கஷாயம் மாதிரி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு கரண்டி அள்ளி என் முழங்கையில் அப்பினார். டப்பாவை எட்டிப் பார்த்தேன். அடி தெரிந்தது.

“எவ்ளோ நாளைக்கு வரும் இது?”

“குக்கர் சொன்னதுலேர்ந்து பத்து நாளைக்கு ஒரு டப்பா சார்” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “நீ கைதட்டச் சொன்னியே, அந்த கிளவுஸ் அண்ணன், நாலு நாளா தெனம் வர்றாரு. கட்டவெரலு. வாடை அடிக்குது சார். உன்னாண்ட சொல்லலாம்னுதான் பாத்தேன். என் பேருலயும் ஒரு குக்கர் கீதேன்னு வாய மூடிகினேன்.”

இன்னும் ஆறு நாள். நூறாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து என் கையைக் குலுக்குவதாக இருந்தது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், ஆறு நாள்தானே என்று கணக்குப் போட்டேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஓடினேன். அண்ணன் மெஷினை நிறுத்தாமலே, “ஒண்ணுமில்ல சார், மீன்முள்ளு குத்தாத கையா இது” என்றார். நானே கிளவுஸைக் கழற்றினேன். பெருவிரல் கத்திரிக்காய் நிறத்தில், கத்திரிக்காய் பருமனில் இருந்தது. மேலே காபித்தூள் காய்ந்து ஓடாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். இப்போதும் உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை, மூன்று நாள் பார்ப்போம் என்றார். தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்த அண்ணனின் மனைவி கூடையோடு வந்து நின்றார். மீன் வாடைக்கு வார்டே திரும்பிப் பார்த்தது.

“நீதான குக்கர் கேட்டுகினே இருந்த” என்றார் அண்ணன், படுத்தபடியே.

“கேட்டேன்! உன் வெரல வேக வைக்கவா கேட்டேன்?” என்று அவரிடம் கத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “உனுக்கு இன்னா சார் அந்த போர்டு மேல அவ்ளோ ஆசை?”

நான் கையைப் பின்னால் மறைக்கப் போனேன். என் முழங்கையிலும் காபித்தூள் இருந்ததை அவர் பார்த்துவிட்டார். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். போர்டில் சைபர் மாட்டியாயிற்று என்றேன். ஏணி வைத்து, மூன்று கையெழுத்து வாங்கி மாட்டியிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “அப்ப பிரியாணி?” என்றது.

“பிரியாணி உண்டு, குக்கரும் உண்டு. மறைச்ச காயத்தை எல்லாம் இன்னைக்கே எழுதணும்” என்றேன். ஸ்டோர் ரூமில் குக்கர்கள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்ததால் தைரியமாகச் சொல்ல முடிந்தது. ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். அன்று மட்டும் பதினோரு பேர்.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. “ஒரே நாள்ல பதினோரு விபத்தா?”

“மூணு மாசத்து விபத்து சார். நேத்துதான் வந்து சேர்ந்துச்சு.”

எழுதிப் பார்த்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. பதினொன்றில் ஏழு, அண்ணனுடையதையும் சேர்த்தால் எட்டு, ஒரே இடத்தில் பட்டவை. பிரஸ் மெஷினுக்குக் கீழே கழிவுத் தகடு விழும் தட்டின் கூரான விளிம்பு. அதை மடக்கி அடிக்க எங்கள் வெல்டருக்கு அரைமணி நேரம் ஆனது. அரைமணி நேர வேலையைத்தான் நாங்கள் மூன்று மாதமாகக் காபித்தூள் போட்டு மூடிக்கொண்டிருந்தோம். அதன் பிறகு அக்காவின் மேல் தட்டு டப்பா குறையவே இல்லை. காபி மட்டும் பழையபடி கஷாயம்தான். கேட்டால், “அந்த டேஸ்டு பயகிடுச்சு சார் எல்லாருக்கும்” என்கிறார்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் வேலைக்கு வந்தார். நான் கேட்டில் போர்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கிளவுஸையும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்தார்.

“எண்ணிக்கோ சார்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எண்ணினேன்.

“பத்து.”

“ரிஜிஸ்டர்ல எய்திக்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இன்றைக்கும் தினமும் காலையில் அப்படித்தான். எனக்கு வேலை இருந்தாலும் விடமாட்டார். அந்தப் பெருவிரலில் நகம் இன்னும் முழுதாக வளரவில்லை. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பத்து என்று சொல்கிறேன்.