கிளியர் தேய்ந்த இடம்

என் கணவர்தான் தினமும் காரில் என்னை ஃபேக்டரிக்குக் கொண்டுபோய் விடுவார். திடீரென்று ஒருநாள், "காருக்கு வீட்லயே பெயிண்ட் அடிக்கப் போறேன், நீ பஸ்ல போ லா" என்றார். அசாம் ஜாவா ஊரில் எங்கள் வீட்டு வாசலில் வாரக்கணக்கில் வேலை நடந்தது. நீலச் சாயம் அடித்து, அதன்மேல் பளபளப்புக்காகக் கிளியர் பூச்சும் அடித்துக் காயவிட்டார்.

மெஷினில் போலிஷ் போட்ட அன்று என்னைக் கூப்பிட்டார்.

"வந்து பாரு லா, கண்ணாடி மாதிரி வந்துருச்சு!"

அவர் காட்டிய இடத்தில் கிளியரும் நீலமும் தேய்ந்துபோய், அடிப்பூச்சின் சாம்பல் நிறம் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. அதைத்தான் சிரித்தபடி துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, நல்லா மின்னுது" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

அவர் கை நின்றது.

"பொய் சொல்லாத. இனிப்பு நீர் கண்ணுக்கு ஏறிருச்சு. எல்லாம் மங்கலா இருக்கு, ரோடே சரியா தெரியல. உன்கிட்ட சொல்ல மனசு வரல. அதான் பெயிண்ட் அடிக்கிறேன்னு காரை நிறுத்திட்டேன்."

மறுநாளே டாக்டரிடம் போனோம். சர்க்கரை நோயால் போன பார்வை திரும்பாது என்றார்.

அத்தனை வாரமும் அவருக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்தப் பயத்தோடு அவரைத் தனியாக விட்டுவிட்டேனே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.