இன்னொரு தடவை அழச் சொன்னேன்

பிலிப்பைன்ஸ்காரரான ஒரு டிவி இயக்குநருக்கு மொழிபெயர்ப்பாளனாக அறந்தாங்கிப் பக்கம் சுற்றினேன். வளைகுடாவில் இறந்த தொழிலாளர்களின் குடும்பங்களைப் படமெடுக்க வந்திருந்தார்.

செல்வி அக்காவின் கணவர் துபாயில் கட்டடச் சாரம் சரிந்து செத்தவர். அவர் உடல் பெட்டியில் வந்திறங்கிய நாளைச் சொல்லி அக்கா கதறியபோது, தெருவில் ஒரு பைக் ஹாரன் அடித்து ஒலிப்பதிவைக் கெடுத்தது. யாரும் கேட்காமலே நான் முந்திக்கொண்டேன்.

"அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க. அதே மாதிரி அழணும்."

"எதுலேருந்து தம்பி சொல்லணும்?" என்று முகத்தைத் துடைத்தார்.

என்ன பேசினோம் என்று இயக்குநர் ஆங்கிலத்தில் கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் கேமராவை அணைத்தார்.

"எனக்கு ஒன்பது வயதில் என் அம்மாவும் சவுதியிலிருந்து பெட்டியில்தான் வந்தாள். டிவிக்காரர்கள் என்னை மூன்று தடவை அழச் சொன்னார்கள். மூன்றாவது தடவை நடித்தேன். பிறகு இருபது வருடம் சீரியல்களில் அழுகைக் காட்சி எடுத்தே பேர் வாங்கினேன். அம்மாவுக்காக மட்டும் அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவே இல்லை."

அக்காவுக்கு இது எதுவும் புரியவில்லை. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார். அதே வார்த்தைகள், அதே இடத்தில் விம்மல்.

கேமரா அணைந்துதான் இருந்தது. அந்த அழுகை நான் சொல்லிக்கொடுத்தது.