வாசலில் நின்ற சொல்

"...வாரேன்னு சொல்லிட்டுல்லா போயிருக்கா. அப்பம் இன்னொரு எழவு விழுந்தாத்தான அவ வரணும்? வாயும் வயிறுமா ஒரு பிள்ளைய வீட்டுல வச்சிருக்கேன். அந்தத் தொரசானி நெழலு இனி இந்த வாசல்ல விழப்பிடாது, சொல்லிட்டேன்."

வேலம்மாள் அக்கா இதைச் சொல்லும்போது வற்றல் மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். வாயும் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. நான் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றேன். மிளகாய் நெடியில் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் தும்மினால் அதற்கும் ஒரு பொருள் கொள்வார்கள் என்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். கதவுக்குப் பின்னால், உள்ளே, அவருடைய மருமகள் கோமதி சுவரில் சாய்ந்து கால்களை நீட்டியிருந்தாள். எட்டு மாதம். கொலுசு சதையில் புதைந்துபோயிருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில் இதை வாசிக்கிற உங்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவள். மிஷன் விடுதி ஒன்றின் சமையலறையில் பானை கழுவிக்கொண்டே காதால் ஆங்கிலம் படித்தவள். கணவர் இறந்த பின், தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் மாறி மாறி சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தேன். இங்கே சிறிய மருந்துச்சாலை நடத்துகிற இங்கிரிட் அம்மாவுக்கு மொழி சொல்லிக்கொடுப்பதும், அவர் கிராமங்களுக்குப் போகும்போது கூடப்போவதும் என் வேலை. இங்கிரிட் அம்மா நோர்வே நாட்டுக்காரர். மருத்துவத் தாதி, கிறிஸ்தவ ஊழியக்காரி. பனிக்கட்டி நாட்டிலிருந்து இந்தக் கரிசல் வெயிலுக்கு வந்தவர். ஊரார் அவரைத் தொரசானியம்மா என்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்குத்தானே போகிறேன், மொழிக்கென்ன கவலை என்று நினைத்துக் கப்பலேறினேன். முதல் வாரமே கடைத்தெருவில் ஒருவர், "யம்மா, நீங்க மலையாளமா?" என்றார். நான் தமிழ்தான் கதைக்கிறன் என்றேன். "பாத்தியளா, மலையாளமேதான்" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். "ஓம்" என்று தலையாட்டினால், "என்ன, மந்திரம் ஓதுதியளா?" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. மனிதர்கள் பேசுகிற விதத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க எனக்கு ஆசை. ஒரு கத்தரிக்காயை வேண்டாம் என்று சொல்வதற்கு இங்கே எத்தனை விதம்! இரவில் அவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவைக்கிறேன். ஆனால் வந்து நான்கு ஆண்டாகியும், இந்த ஊரில் நானும் அரைத் தொரசானிதான்.

இங்கிரிட் அம்மாவுக்குச் சொல் கற்றுக்கொடுப்பது எளிதாகத்தான் இருந்தது. அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்பதில்தான் இருவரும் விழுந்து எழும்பினோம். அவருடைய நாட்டில் உப்பை எடுத்துக்கொடுத்தாலும் நன்றி சொல்வார்களாம். இங்கே வேலம்மாள் அக்காவின் மாமியாருக்குக் காலில் ஆறாத புண். இரண்டு மாதம் போய்வந்து இவர் கட்டுப்போட்டார். அந்த அம்மாள் ஒருநாள்கூட நன்றி என்று சொல்லவில்லை. "என் வேலை அவர்களுக்குப் பிடிக்கவில்லை" என்று இவர் முகம் வாடிவிட்டார். எங்கள் வண்டியில் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டு முருங்கைக்காய் கிடந்ததே, அது யார் வைத்தது என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அவருக்கு அது விளங்கியது. "சுகமாக இருக்கிறீர்களா?" என்று இவர் வீடுவீடாகக் கேட்பார். எல்லோரும் "ஏதோ இருக்கோம்" என்பார்கள். இது மகிழ்ச்சியில்லாத ஊர் என்று தன் நாட்டுச் சபைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதிவிட்டார். நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் சொன்னபோது கடிதம் கப்பலில் போய்க்கொண்டிருந்தது.

எல்லாவற்றிலும் நான் மிகவும் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்தது விடைபெறுவதைத்தான். வந்த புதிதில் ஒரு வீட்டில் எழுந்து நின்று, "நான் போகிறேன்" என்றுவிட்டார். அந்த வீட்டுப் பெண்கள் பதறிப்போனார்கள். அன்று மாலை நாங்கள் தங்கியிருக்கும் பங்களாவில் அவரை வாசலுக்கும் அறைக்குமாக இருபது தடவை நடக்கவிட்டேன். "இஞ்ச ஒருத்தரும் போறதில்லை அம்மா. எல்லாரும் போட்டு வாறவைதான். சொல்லுங்கோ" என்றேன். என் யாழ்ப்பாணத்து வாயால் "போட்டு வாறன்" என்று சொல்லிக்கொடுத்தால் ஊர் சிரிக்குமே என்று, இந்த ஊர்ப் பேச்சிலேயே "போயிட்டு வாரேன்" என்று பழக்கினேன். அழகாகப் பழகிக்கொண்டார். கைகூப்பி, தலையைச் சற்றே சாய்த்து அவர் அதைச் சொல்லும்போது தெருவே ரசிக்கும். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

நான் அந்த வாசலில் குடையோடு நின்றதற்குப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அந்த மாமியார் இறந்துபோனார். காலில் கட்டுப்போட்ட பாசம், இங்கிரிட் அம்மா கேள்விப்பட்டதும் வண்டி பூட்டச் சொல்லிப் பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சிற்றூருக்குப் புறப்பட்டார். பெண்களோடு பெண்ணாக மண்தரையில் உட்கார்ந்தார். விசித்து அழுதார். "தொரசானியும் அழுவுதா பாரேன்" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். அதுவரைக்கும் எல்லாம் சரி. புறப்படும் நேரம் நான் வண்டிக்காரரைத் தேடி வெளியே போயிருந்தேன். திரும்பி வாசலுக்கு வருகிறேன், உள்ளே இவர் எழுந்து நின்று, வேலம்மாள் அக்காவைப் பார்த்துக் கைகூப்பி, தலையைச் சாய்த்து, தெளிவாகச் சொல்கிறார்: "போயிட்டு வாரேன்."

ஒப்பாரி அப்படியே அறுந்தது. அழுதவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தான் சொன்னது கேட்கவில்லை போலும் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் உரக்க, "கட்டாயம் வாரேன்" என்றார்.

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. நம் யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். இன்னொரு முறை இப்படி வர நேரக்கூடாது என்பதுதான் அதன் பொருள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரியும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. சின்ன வயதில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் எழுந்து நடப்பார், நானும் நடப்பேன். யாரும் அதை ஒரு பாடமாகச் சொல்லித்தந்ததில்லை. எனவே நானும் சொல்லித்தரவில்லை. பிழை இங்கிரிட் அம்மாவுடையது அல்ல. வாய் திறக்கக் கற்றுக்கொடுத்தவள், எங்கே வாய் திறக்கக்கூடாது என்று சொல்லாமல் விட்டேன்.

நடந்ததை விளக்கியபோது அவர் முகம் வெளிறிவிட்டது. உடனே அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க மன்னிப்பு எழுதினார். "மிகவும் மனம் வருந்துகிறேன்" என்று தொடங்கி ஒரு பிழையில்லாத தமிழ். அவருடைய ஊரில் வாயால் செய்த பிழையை வாயால் சரிசெய்துவிடலாம். இங்கே அந்தத் தாளைக் கொண்டுபோய் வாசித்தால், நடந்ததை ஊரெல்லாம் மறுபடி நினைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நான் தாளை வாங்கி மடித்து என் பெட்டிக்குள் வைத்தேன். சபைப் பெரியவர் ஒருவர், "மூடநம்பிக்கை, விட்டுத்தள்ளுங்க" என்றார். அவரால் விட்டுத்தள்ள முடிந்தது. கோமதியின் வீங்கிய காலை அவர் பார்க்கவில்லை. இழவு வீட்டில் இங்கிரிட் அம்மா அதைப் பார்த்திருந்தார். தலைவலிக்கிறது என்று அந்தப் பிள்ளை சொன்னதையும் கேட்டிருந்தார். "ஜன்னி வந்தால் தாயும் இல்லை, குழந்தையும் இல்லை. அவள் மருந்துச்சாலையில் என் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும்" என்று நாளுக்கு நான்கு தடவை சொன்னார். அதனால்தான் பதின்மூன்றாம் நாள் நான் தனியாக அந்த வாசலில் போய் நின்றேன். கோமதியை அழைத்துக்கொண்டுதான் திரும்புவது என்ற முடிவோடு.

வந்தவுடன் மருத்துவம் பேசிப் பார்த்தேன். வேலம்மாள் அக்கா, "அஞ்சு பெத்தவ நான். எனக்கா சொல்லுதிய?" என்றார். அதற்குப் பிறகுதான் நீங்கள் தொடக்கத்தில் வாசித்த பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கையில் ஒன்று பிடிபட்டது. இவருக்கு இங்கிரிட் அம்மா மேல் கோபமில்லை. அவர் விட்டுப்போன அந்தச் சொல் மேல்தான் பயம். பயத்தோடு வாதாடி என்ன பயன்? அந்தச் சொல்லுக்கு ஒரு வழி சொல்ல வேண்டும்.

"அக்கா, ஒண்டு கேளுங்கோ" என்றேன். "அவ வாறன் எண்டு சொன்னது எந்தச் சாவில? இந்தச் சாவில. பதினாறாம் நாள் இன்னும் கழியேல்லை. அதுக்குள்ள அவ ஒருக்கா வந்திட்டுப் போகட்டும். சொன்ன சொல் இந்தச் சாவோடயே தீர்ந்திடும். நீங்கள் வரவிடாமல் மறிச்சால்தான் அந்தச் சொல் தீராமல் உங்கட வாசலிலயே நிக்கும்."

மிளகாய் கிள்ளிய கை நின்றது. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க வக்கீலுக்குப் படிச்சியளோ?"

"அஞ்சாம் வகுப்பு."

"அதான் இந்தப் போடு போடுதிய." இன்னும் இரண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டார். பிறகு சொன்னார்: "பதினாறுக்கு வரட்டும். வந்து, எங்க மாமியாளுக்குப் படைச்ச சோத்த எல்லாரையும் போல எலையில உக்காந்து திங்கணும். போவும்போது வாயத் தொறக்கப்பிடாது. தொறந்தா, பொறவு ஒங்களையும் சேத்துத்தான் வெரட்டுவேன்."

படைத்த சோறு என்றதும் சபைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஊழியக்காரி படையல் சோறு தின்றார் என்று ஒரு வாய் சொன்னால் போதும், இங்கிரிட் அம்மாவின் சபையில் அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். கோமதி இல்லாமல் தனியாகத்தான் திரும்பினேன்; அன்று மாலை அவரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தன் புத்தகத் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "எங்கள் நாட்டில் அடக்கம் முடிந்த பின் அந்த வீட்டில் எல்லோரும் காப்பி அருந்துவோம். அருந்தாமல் போகிறவன், இறந்தவரை மதிக்காதவன். நான் உண்பேன். இறந்தவர் எனக்கு முருங்கைக்காய் தந்தவர்." மறுநாள் சபைப் பெரியவர் வந்து நெற்றியைச் சுருக்கியபோது, "கடிதத்தில் நானே எழுதிவிடுகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பயிற்சி தொடங்கினோம். முன்பு போலவே அறைக்கும் வாசலுக்கும் நடை. இந்த முறை பேசாமல். நீங்கள் நம்பமாட்டீர்கள், "போயிட்டு வாரேன்" கற்றுக்கொடுத்ததைவிட இது கடினமாக இருந்தது. வாசற்படிக்கு வந்ததும் அவர் கை தானாகக் கூம்பும், உதடு அசையும். "இது திருடர்கள் போவது போல இருக்கிறது" என்றார். "இன்னொருக்கா நடவுங்கோ" என்றேன்.

பதினாறாம் நாள் உச்சிப்பொழுதில் போய் இறங்கினோம். அக்காவின் கணவர் சண்முகவேல் அண்ணாச்சி, மொட்டையடித்த தலையோடு பந்தலில் நின்று, "வாங்க" என்று சொல்லவும் முடியாமல் சொல்லாமலிருக்கவும் முடியாமல் துண்டைச் சரிசெய்தார். பெண்கள் பந்தியில் எங்களுக்கு இலை விழுந்தது. வேறு யாரையும் விடாமல் வேலம்மாள் அக்காவே இங்கிரிட் அம்மாவுக்குப் பரிமாறினார். பரிமாறிவிட்டு நகரவில்லை. முதல் கவளம் வாய்க்குப் போகிறதா என்று சட்டியோடு நின்று பார்த்தார். பந்தி முழுக்க அதைத்தான் பார்த்தது. சாம்பார் மணிக்கட்டு வரை வழிய வழிய, இங்கிரிட் அம்மா கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். "நக்கி எடுத்துட்டாளே" என்று பின்னால் ஒரு குரல். சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள்.

கை கழுவிவிட்டு வந்து நின்றார். எதிரே வேலம்மாள் அக்கா. இங்கிரிட் அம்மாவின் கைகள் பாதி உயர்ந்தன. கைகள் அப்படியே இறங்கின. திரும்பினார். ஒரு சொல் இல்லை, பின்னால் ஒரு பார்வை இல்லை. பந்தலைக் கடந்து, வாசலைக் கடந்து, தெருவில் நடந்தார். பின்கழுத்து செக்கச்சிவந்திருந்தது. தன் தாய் சொல்லிவளர்த்த மரியாதை அத்தனையையும் ஒவ்வொரு அடியிலும் மிதித்துக்கொண்டு நடப்பவரைப் போலிருந்தது அந்த நடை. வண்டியை எட்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சரியாகப் போனேனா?" என்று கேட்டார். கண் நிறைந்திருந்தது.

நான் பதில் சொல்லுமுன் பின்னால் காலடிச் சத்தம். வேலம்மாள் அக்கா கோமதியைத் தோளில் அணைத்துப் பிடித்து, அக்குளில் ஒரு துணிமூட்டையோடு வந்துகொண்டிருந்தார். வண்டியில் வைக்கோலைத் தட்டிச் சரிசெய்து, மருமகளை ஏற்றி உட்காரவைத்தார். இங்கிரிட் அம்மா உடனே அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி எழும்பவில்லை. அக்கா அதைக் குனிந்து பார்த்தார்.

பந்தலிலிருந்து அண்ணாச்சியின் குரல்: "ஏட்டி, ஆம்பிளைக பந்தி கெடக்கு, நீ எங்க போற?"

அக்கா திரும்பவில்லை, பதிலும் சொல்லவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் தாவி ஏறினார். மருமகள் நீட்டியிருந்த காலுக்கு இடைஞ்சலில்லாமல் ஒரு காலை உள்ளே மடக்கி, மறுகாலை ஊர்ப்புழுதியில் உரசும்படி வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்து, வண்டிக்காரரிடம் "ஓட்டும்" என்றார்.