பவானி என்று சொல்லுங்கள்

"நம்ம செல்வம் ஒய்ஃப் தவறிட்டாங்க. மதியம் எடுக்குறாங்க." காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது கைப்பேசியில் இப்படி ஒரு செய்தி வந்தது. எந்தச் செல்வம்? கும்மிடிப்பூண்டியில் செல்வங்களுக்கா பஞ்சம்? அடுத்து வந்த படத்தைப் பார்த்த பிறகுதான் இறந்தது பவானி அக்கா என்று தெரிந்து, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாரடைப்பாம். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். அது இன்னும் போகவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிற்பேட்டையில் ஒயர் கம்பெனி ஒன்றில் அவரும் நானும் ஒரே லைனில் வேலை பார்த்தோம். பெரியபாளையத்துப் பவானி அம்மனை வேண்டிப் பிறந்ததால் அவருக்கு அந்தப் பெயர். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில் நிலையத்திலிருந்து ஏரிக்கரை வரை பெண்களை நடத்திக் கூட்டிப்போவார். ஊருக்காக நின்ற பெண்கள், நின்ற இடங்கள். அதைக் காட்டுவதுதான் அந்த நடை.

முதல் தடவை நானும் ஹாஸ்டல் பெண்கள் சிலரும்தான் போனோம். "இன்னாக்கா, இங்க இன்னா கீது பாக்க? கம்பெனி செவுருதானே?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"இந்தச் செவுத்தாண்டதான் அன்னம்மா குந்திக்கினு இருந்தாங்க. எங்க நெலத்த எடுத்துக்கினீங்கல்ல, பொம்பளைக்கும் வேல குடுன்னு கேட்டாங்க. இன்னிக்கு நீ பஞ்ச் வெச்சிக்கினு உள்ள போறியே, அது அவங்க குந்துனதாலதான்" என்றார் அக்கா. சிரிப்பு அடங்கியது. பிறகு தன் ஒரே விதியைச் சொன்னார். "நிக்கிற எடத்துல பேரச் சொல்லணும். சத்தமா."

அன்னம்மா என்று சொன்னோம். கேட்டில் இருந்த செக்யூரிட்டி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

குடிநீருக்காகத் தண்ணீர் லாரியை மறித்து நின்ற ஒரு பெண்மணியை ஊரில் 'மேஸ்திரி சம்சாரம்' என்றுதான் சொல்வார்கள். பெயர் தெரியாமல் அவரை நடையில் சேர்க்க மாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். பொன்னேரி மார்க்கெட்டில் அவருடைய மகன் வெங்காயக் கடை வைத்திருப்பது தெரிந்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"பெத்தவங்க பேர நான் எப்டிக்கா சொல்றது? மரியாதையா இருக்காதே" என்று மகன் நெளிந்தார்.

"அவங்களால ஊரே தண்ணி குடிக்குது நைனா. பேர மறைக்கிறதுதான் மரியாதயா?"

"குப்பம்மா" என்றார் அவர், வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு.

"காதுல வுழல."

"குப்பம்மா!" மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மாத நடைக்கு மனைவியையும் மகளையும் அனுப்பிவைத்தார்.

ஊரார் பெயரையெல்லாம் இப்படித் தேடிப் பிடித்தவருக்கு அவருடைய வீட்டார் என்ன செய்தார்கள் தெரியுமா? தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். 'திரு. செல்வம் அவர்களின் துணைவியார்' என்று கொட்டை எழுத்து. மூலையில் அக்காவின் சின்னப் படம். சுற்றிலும் வெள்ளைச் சட்டைக்காரர்கள் கைகூப்பிக்கொண்டு. பெயர் எங்கும் இல்லை.

செல்வத்தின் அண்ணனிடம் கேட்டேன். "செல்வம் ஒய்ஃப்னா எல்லார்க்கும் தெரியும்மா. எடமும் இல்ல" என்றார். அந்த மீசைகளுக்கெல்லாம் இடம் இருந்தது. மூன்று எழுத்துக்கு இடம் இல்லை. சாவு வீட்டில் சண்டை வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்காவை எடுத்தார்கள். பறைச் சத்தத்தோடு தெருமுனை வரை கூடவே நடந்தோம். அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே வந்ததும் அதே அண்ணன் கையை நீட்டி மறித்தார். "பொம்பளைங்கல்லாம் இங்கயே நின்னுக்குங்க."

நின்றோம். லைனில் வேலை பார்ப்பவர்கள், ஹாஸ்டல் பெண்கள், குப்பம்மாவின் பேத்தி என்று நடையில் வந்த அத்தனை பேரும் நின்றோம். நின்ற இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"பவானி!" என்றேன். "பவானி!" என்றார்கள் எல்லோரும். பறை அடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். இன்னும் ஒரு முறை சொன்னோம். அது தெரு முழுக்கக் கேட்டது.

செல்வம் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடமும் "இந்தாமே" என்று மட்டுமே கூப்பிட்டவர். உதடு அசைந்தது. காதில் விழவில்லை.

அடுத்த நடையில் அந்தத் தெருமுனையிலும் நிற்போம். அவரும் வரட்டும். வந்து சத்தமாகச் சொல்லட்டும். போய் வாருங்கள், பவானி அக்கா.