மழை இல்லாத நாளில் நான்கு மில்லிமீற்றர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. பட்டிப்பொலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியையாக எனக்கு முதல் நியமனம் கிடைத்திருந்தது. நான் பிறந்து வளர்ந்தது ஹட்டன் நகரத்தில். அப்பா பஜாரில் புடவைக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் தோட்டத்துப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள்தான். ஆனாலும் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்துக்குள் போய் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தது அதுவரை இரண்டோ மூன்றோ தடவைதான் இருக்கும்.

பாடசாலையில் விஞ்ஞானக் கழகம் என்று பெயருக்கு ஒன்று இருந்தது. சுவரில் ஒரு பலகை, அலுமாரியில் கண்ணாடி உடைந்த ஒரு நுணுக்குக்காட்டி, அவ்வளவுதான் அதன் சொத்து. வலய மட்டக் கண்காட்சி வருகிறது, ஏதாவது செய்ய வேண்டும் என்று அதிபர் சொன்னார். செலவில்லாத ஒன்றாக மழைமானியைத் தேர்ந்தெடுத்தேன். சோடாப் போத்தலின் தலையை வெட்டி, புனல் மாதிரி கவிழ்த்து வைக்க வேண்டும். அடியில் கொஞ்சம் கூழாங்கல், அதன் மேல் கோடு வரைக்கும் தண்ணீர். அதுதான் பூச்சியம். வெளியே ஒரு அளவுக் காகிதம். பத்துப் பிள்ளைகள், பத்து லயங்கள். தினமும் காலையில் பாடசாலைக்கு வருவதற்கு முன் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். ஒரே தோட்டத்தில் இடத்துக்கு இடம் மழை எப்படி மாறுகிறது என்று காட்டலாம் என்பது என் திட்டம்.

முதல் வாரம் மழை பெய்தது. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு அளந்தார்கள். பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. காலையில் பனிமூட்டம், பத்து மணிக்கு வெயில். மழை மட்டும் இல்லை. மூன்றாவது வாரம் கொப்பிகளைச் சேர்த்துப் பார்த்தேன். ஒன்பது கொப்பிகளிலும் பூச்சியம், பூச்சியம், பூச்சியம். பத்தாவதில் மூன்று, பூச்சியம், நான்கு, இரண்டு, மறுபடியும் நான்கு.

அது தரம் ஒன்பதில் படித்த ஒரு பிள்ளையின் கொப்பி. மேட்டு லயத்திலிருந்து வருபவள். அதிகம் பேசமாட்டாள். எழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். கழகக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்தி, மழை பெய்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"தெரியல டீச்சர். ஆனா இருந்துச்சு."

இன்றைக்கு யோசித்தால், விஞ்ஞானத்தில் அதைவிட நேர்மையான பதில் கிடையாது. அன்றைக்கு எனக்கு அது மழுப்பலாகத்தான் கேட்டது. பூச்சியம் எழுதச் சலிப்பாக இருந்தால் எழுதாமலே விட்டிருக்கலாம், பொய்க் கணக்கு எழுதக் கூடாது என்று சொல்லி, அந்த எண்களின் மேல் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். அவள் அழவில்லை. கொப்பியை வாங்கி, மடித்து, உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை என் மேசையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு போத்தல் இருந்தது. கூடவே கொப்பியும் இருந்தது. கழகத்துக்கு அவள் வரவில்லை. ஒன்பது பேர் போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வாரமே ஒரு பின்னேரம், பாடசாலை விட்டு நான் தங்கியிருந்த அறைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். தேயிலை மலையை ஒட்டிய குறுக்குப் பாதை. வேலை முடிந்து வந்த பெண்களில் ஒருவர் மட்டும் பின்தங்கி நின்று, நான் கிட்டே வந்ததும் தலையில் போட்டிருந்த சாக்கை இறக்கினார். தான் அந்தப் பிள்ளையின் அம்மா என்றார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. சண்டைக்கு வருகிறாரோ என்று ஒரு கணம் பயந்தேன். அவர் குரலில் கோபமே இல்லை.

"தப்பா நெனைச்சுக்காதீங்க டீச்சர். வேலைக்குப் பெரட்டுல பேர் குடுக்கப் போறதுக்கு முந்தி நாந்தான் அவளுக்கு டோச் லைட் அடிச்சுக் காட்டுவேன். தண்ணிய நானும் பாத்தேங்க. ரெண்டு பேர் கண்ணுமா பொய் சொல்லும்? ஒரு நா காலையில வந்து பாத்துட்டுப் போங்க."

அவ்வளவுதான் சொன்னார். வருகிறேன் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அறைக்குப் போய் அவளுடைய கொப்பியை முதல் தடவையாக முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான் எல்லோரையும் எழுதச் சொல்லியிருந்த இடக்குறிப்பில் இப்படி இருந்தது: 'வெட்ட வெளியில் கோழிகள் தட்டி விடுகின்றன. அதனால் வேலிக் கம்பத்தில், பைனஸ் மரத்தடியில் வைத்தேன்.' அந்தப் பக்கத்தின் கீழே என்னுடைய கையெழுத்து இருந்தது. படிக்காமல் போட்ட கையெழுத்து.

சனிக்கிழமை விடிய முன்னமே போத்தலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேட்டு லயம் கணவாய் மாதிரியான ஓர் இடத்தில் இருந்தது. கீழே பாடசாலைப் பக்கம் பனி சும்மா படுத்துக் கிடந்தது. அங்கேயோ காற்று அதை இழுத்துக்கொண்டு ஓடியது. லயத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பிள்ளை பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். முகத்தில் வரவேற்பு எதுவும் இல்லை. போத்தலை வாங்கி, வேலிக் கம்பத்தில் முன்பு கட்டியிருந்த கம்பி வளையத்துக்குள் இறக்கினாள். தண்ணீர் கோட்டில் சரியாக நிற்கிறதா என்று என்னையே குனிந்து பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். பூச்சியம்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். மூன்று பேரும் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு ஒருபக்கம் சங்கடம், ஒருபக்கம் நான் சொன்னதுதான் சரியாகிவிடுமோ என்ற கெட்ட ஆசை. அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு துளி மழை இல்லை. ஆனால் எங்கள் தலைக்கு மேலிருந்த பைனஸ் கிளையில் ஒவ்வொரு ஊசி இலையின் நுனியிலும் ஒரு மணி தொங்கியது. காற்று பனியைக் கொண்டுவந்து இலைகளுக்குள் தள்ளுகிறது. இலை அதைப் பிடித்துத் துளியாக்குகிறது. துளி கனத்ததும் விடுகிறது. மரத்துக்கு வெளியே கால் வைத்தேன். மண் காய்ந்து கிடந்தது. மரத்தடிக்கு வந்தேன், ஈரம். வெளியே போவதும் உள்ளே வருவதுமாக நான் நான்கைந்து தடவை நடந்ததைப் பார்த்து அந்தப் பிள்ளைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. வெயில் ஏறியபோது போத்தலில் கோட்டுக்கு மேல் இரண்டு மில்லிமீற்றர் இருந்தது.

"அப்ப வானம் பெய்யாம மரம் மட்டும் பெய்யுதா டீச்சர்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். ஆசிரியையாக வந்த பிறகு ஒரு பிள்ளையிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் பாடநூலில் மழை இருந்தது, ஆலங்கட்டி இருந்தது, இது இல்லை. பிறகு கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். உயர்ந்த மலைக்காடுகள் பனியிலிருந்து இப்படி நீர் எடுக்கும் என்றும், சில நாடுகளில் வலை கட்டியே அந்தத் தண்ணீரைச் சேர்க்கிறார்கள் என்றும் தெரிந்தது.

அடுத்த கழகக் கூட்டத்தில், அவளை நிறுத்தி வைத்த அதே இடத்தில் நான் நின்றேன். அவள் எழுதியது சரி, நான்தான் போய்ப் பார்க்காமல் முடிவு செய்தேன், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொன்னேன். அவள் குனிந்தபடி, "சரிங்க டீச்சர்" என்றாள். பிறகு, பெரிய விஷயம் எதுவும் நடக்காதது போல, இன்னொரு போத்தல் கிடைக்குமா என்று கேட்டாள்.

"மரத்துக்கு வெளிய பத்தடி தள்ளி ஒண்ணு வைக்கணும் டீச்சர். கோழி வராம முள்ளு கட்டிக்கலாம். ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் நாங்க சொல்றத நம்புவாங்க."

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை வேண்டும் என்பதை நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அவள் நம்பப்படாமல் போனதிலிருந்து படித்திருந்தாள்.

அதன் பிறகு கழகம் தானாகவே ஓடியது. ஒரு பையன் மரக்கறித் தோட்டத்திலிருந்து பழைய நிழல் வலையொன்றைக் கொண்டுவந்தான். மேட்டு லயத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கட்டி, கீழே பாதியாய்ப் பிளந்த பிளாஸ்டிக் குழாயைச் சரித்து வைத்தார்கள். முதல் நாள் ஒன்றும் விழவில்லை. வலையைக் காற்றுப் போகும் திசையிலேயே கட்டியிருந்தோம். காற்றுக்குக் குறுக்கே திருப்பிக் கட்டினோம். அடுத்த பனிக்காலையில் அரை வாளி. இன்னொரு காலையில் ஒரு கோப்பைகூடத் தேறவில்லை. ஏன் என்று பிள்ளைகள் இடைவேளையிலும் சண்டை போட்டார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா வாளித் தண்ணீரைப் பாத்திரம் கழுவ எடுத்துக்கொண்டார்.

கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. மின்குமிழ் எரியும் பெரிய மாதிரிகளுக்கு நடுவில் எங்களுடையது இரண்டு போத்தலும் ஒரு கந்தல் வலையும்தானே. ஆனால் ஒரு நடுவர் மட்டும் எங்கள் மேசையை விட்டு நகரவில்லை. கொப்பியைப் புரட்டி, சிவப்புக் கோடு போட்ட பக்கத்தில் நிறுத்தி, இது என்ன என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்ப எங்களுக்குக் காரணம் தெரியாதுங்க சார்" என்றாள். எங்களுக்கு என்றாள். எனக்கு என்றோ, டீச்சருக்கு என்றோ சொல்லவில்லை.

அவள் இப்போது நகரத்துப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறாள். நான் இன்னும் அதே பாடசாலையில்தான் இருக்கிறேன். ஒரு பிள்ளை சொல்வது எனக்குத் தெரிந்ததோடு ஒத்துப்போகாதபோது உள்ளுக்குள் ஒரு எரிச்சல் எழத்தான் செய்கிறது; அது அடங்கி, போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வரும் வரைக்கும் வாயைத் திறக்காமல் இருக்க இன்றும் பழகிக்கொண்டிருக்கிறேன்.