சண்முகவடிவின் கோலக்கல்

இலங்கை மலையகத்தில் வலப்பனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த சண்முகவடிவுக்கு வெள்ளைக்கல் என்றால் கோலமாவு, அவ்வளவுதான். ஓடையில் இறங்கி ஒரு வெள்ளைக்கல்லைப் பொறுக்கி உரலில் போட்டால் நாலு குத்தில் பொடியாகிவிடும். கூப்பனுக்கு அளந்து கிடைக்கும் அரிசியை மாவாக்கி வாசலில் தூவ எந்த வீட்டில் வசதி இருந்தது? கல்மாவுதான் கோலம். கோலத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். அடக்கம் என்பது அவள் கொண்டுவந்த சீதனத்தில் இல்லை.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் சோலைமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மகள் பிறந்து நடை பழகும் வயதில் கடும் காய்ச்சல் கண்டது. பிழைத்தால் மாரியம்மன் கோயிலைச் சுற்றி உருளுகிறேன் என்று சோலைமலை நேர்ந்துகொண்டான். பிள்ளை பிழைத்தது. ஐம்பத்து மூன்றாம் வருஷத் திருவிழாவுக்கு, அவன் உருளப்போகும் கோயில் வாசலில் கோலம் போடும் பொறுப்பைச் சண்முகவடிவு வலியக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியதுதான் பிசகு. இந்த மலை ஓடையிலும் வெள்ளைக்கல் கிடந்தது. குத்தினால் உலக்கை துள்ளியதே தவிரக் கல் மசியவில்லை. விடுகிறவளா அவள்? அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு விரிசல்விட வைத்து, இடித்துப் பொடியாக்கிவிட்டாள். கோலம் என்னவோ பளபளவென்று மின்னத்தான் செய்தது. சோலைமலை ஈரவேட்டியோடு அதன்மேல் உருண்டான். பாதிச் சுற்றில் முதுகெல்லாம் கீறி இரத்தம் வடிந்தது. ஆட்கள் ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்கள். நேர்த்தி அரைகுறையாக நின்றது.

“ஆத்தா குத்தந்தான். அவ கைராசி அப்பிடி” என்று பக்கத்துக் காம்பரா வீட்டு அம்மாக்கண்ணு, வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லி வைத்தாள். கோயில் தலைவர் பழனியாண்டி, இனிமேல் வாசலில் கல்மாவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

புருஷன் முதுகுக்கு மஞ்சள் பூசிக்கொண்டே சண்முகவடிவு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “ஆத்தா குத்தமுமில்ல, கைராசியுமில்ல. கல்லு குத்தம். கல்லப் பாக்கத் தெரியாத என் குத்தம்” என்றாள். அவமானத்தை முழுங்கிக்கொண்டு மூலையில் உட்காரும் ரகம் இல்லை அவள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சோலைமலையின் பழைய கவ்வாத்துக் கத்தியோடு ஓடை ஓடையாக ஏறி இறங்கினாள். கண்ணில் பட்ட வெள்ளைக்கல்லையெல்லாம் கீறிப் பார்த்தாள். சில கற்களில் கத்தி கறுப்பாகக் கோடு இழுக்கும். கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கத்திதான் தேயும். அதற்குக் ‘கத்திதின்னி’ என்று பேர் வைத்தாள். உடைத்தால் கண்ணாடிப் போத்தல் துண்டு மாதிரி கண்டபடி சில்லாகும். புருஷன் முதுகைக் கிழித்தது அதுதான். இன்னொரு வெள்ளைக்கல் தட்டையாகப் பிளந்து வெயிலில் பளிச்சிட்டது. பார்க்க நல்ல பிள்ளை, ஆனால் அதுவும் கத்திக்கு மசியவில்லை.

ஐப்பசி அடைமழையில் றோட்டோரம் மண்மேடு சரிந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு பாளம் தெரிந்தது. கத்தியை வைத்தாள், பள்ளம் விழுந்து மாவு உதிர்ந்தது. உடைத்தாள், சாய்ந்த சின்னப் பெட்டிகளாகப் பிரிந்தது. ஒரு பெட்டியை மறுபடி உடைத்தால் அதே சாய்வில் இன்னும் சின்னப் பெட்டிகள். சட்டி ஓட்டில் உரசினால் வெள்ளைக் கோடு. பிறந்த தோட்டத்து ஓடைக்கல்லேதான்! நடுறோட்டில் நின்று ஒருத்தி தனியாகச் சிரித்ததை பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த திருவிழாவைப் பற்றிப் பேசக் கூடிய கோயில் கூட்டத்துக்குத் தன் கல்யாணக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு ஓரத்தில் பழைய மாவைத் தேய்த்தாள். கண்ணாடி கரகரத்துக் கீறல் விழுந்தது. மறு ஓரத்தில் புது மாவைத் தேய்த்துத் துடைத்தாள். பழனியாண்டி விரலால் தடவிப் பார்த்தார். வழுவழுவென்றுதான் இருந்தது.

“கண்ணாடி தாங்குது, சரி. மனுசத் தோலு தாங்குமா? மறுபடி ரத்தம் விழுந்தா கோயிலுக்குத்தானேம்மா கெட்ட பேரு” என்றார். நியாயமான கேள்விதான். சண்முகவடிவுக்கே அந்தப் பயம் இருந்தது.

பின்வரிசையில் இருந்து சோலைமலை எழுந்தான். கூட்டத்தில் வாய் திறக்காத மனுஷன்.

“அவ போடட்டுங்க தலைவரே. உருளுறது நாந்தானுங்களே” என்றான். பழனியாண்டி சரியென்று தலையசைத்தார்.

புருஷனின் அந்த ஒரு சொல்லுக்காக அவள் துண்டுதுண்டாகப் பொறுக்கினாள். சந்தேகம் வந்த கல்லையெல்லாம் தூர எறிந்தாள். இடித்த மாவைத் துணியில் சலித்து, ஒவ்வொரு பிடியையும் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தாள். கரகரத்த பிடியைக் கொட்டிவிட்டாள். கல்யாணக் கண்ணாடியின் ஒரு ஓரம் அதற்கே போயிற்று.

திருவிழா விடியலில் பனி கொட்டியது. ஓடையில் முங்கி வந்த சோலைமலை கோலத்தின்மேல் படுத்தான். மேளம் முழங்கியது. சண்முகவடிவு அவன் முதுகைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. போன வருஷம் தூக்கி நிறுத்திய இடம் வந்தது. அதையும் தாண்டி உருண்டான். முழுச் சுற்றும் முடித்து எழுந்து நின்றபோது தலைமுதல் கால்வரை ஒரே வெள்ளை. சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தக் கோயில் கோலத்தை வேறு யாரும் போட்டதில்லை. அம்மாக்கண்ணுகூடப் பிற்பாடு ஒரு கல்லை மடியில் கட்டிவந்து, “இது எப்பிடின்னு பாரேன் புள்ள” என்று கேட்டாள். சண்முகவடிவு அதை இரண்டு தரம் கீறிப் பார்த்தே பதில் சொன்னாள்.

நேர்த்தி முடிந்த அன்றைக்கு ஆட்கள் குளிக்கச் சொல்லிச் சோலைமலையிடம் வாளித் தண்ணீரை நீட்டினார்கள். அவன் வாங்கவில்லை.

“இருக்கட்டும். லயத்துல எல்லாரும் பாக்கட்டும்” என்றான்.

குளிரில் பல் தந்தியடிக்க, மேல் லயத்திலிருந்து கீழ் லயம் வரை வெள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு அவன் மெதுவாக நடந்தான். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சண்முகவடிவு பின்னால் நடந்தாள்.