மிச்சமான ஆள்கூலி

எரிபொருளை மிச்சப்படுத்தும் தொழிற்சாலைகளுக்கு மானியம் கொடுக்கும் திட்டமொன்றில் வேலை செய்தபோது, அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் அவரைச் சந்தித்தேன். தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுபவர். புருவம் கருகிய, மெலிந்த மனிதர். ஒவ்வொரு கட்டையையும் கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே தள்ளுவார்.

என் கருவிகள் காட்டாததை அவர் காட்டினார். “இந்த மூலையிலதாங்க சூடு வெளிய ஓடுது” என்றார். அவர் சொன்னதையெல்லாம் வைத்தே பரிந்துரை எழுதினேன். மானியம் கிடைத்தது. தானாகவே விறகு தள்ளிக்கொள்ளும் புதிய அடுப்பு வந்தது.

மறுவருடம் பலனை அளக்கப் போனபோது, அவர் தொழிற்சாலைக்கு மேலேயுள்ள தேயிலை மலையில் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இடுப்பைப் பிடித்தபடி மெதுவாக நிமிர்ந்தார்.

“வெறகு கொறஞ்சிருக்குங்களா சார்?”

“நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆள்கூலியும் மிச்சம். போட்ட காசு சீக்கிரமே திரும்பிடும்.” சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது.

“அந்த ஆளு நான்தானுங்களே” என்றார். குரலில் கோபமில்லை.

பிறகு கீழே புகைபோக்கியைக் காட்டினார். “பொக வெள்ளையா போகுது பாருங்க. வெறகு நனஞ்சிருக்கு. கொட்டகைக்குத் தகரம் போடச் சொல்லுங்க, இன்னும் கொறையும்.”

இறங்கிப் போய்ப் பார்த்தேன். கொட்டகை ஒழுகியது. விறகெல்லாம் ஈரம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் புகையைக் காட்டி விளக்கியதும், “நீங்களே கண்டுபிடிச்சீங்களா?” என்று வியந்தார்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லியிருந்தால் விறகின் ஈரம் பார்க்க அவரை மறுபடி அடுப்படிக்கு அழைத்திருப்பார்கள். அறிக்கையில் மிச்சமென்று எழுதவிருந்த ஆள் திரும்பி வருவதை நான் விரும்பவில்லையோ என்னவோ, “ஆமாம்” என்று சொல்லிவிட்டேன்.